பிரைட்டன் ரசிகர்கள் தங்கள் கிளப் முதலாளிகளை எதிர்த்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரீமியர் லீக் பார்க்கிறவர்களுக்கு பிரைட்டன் என்றால் இன்றைக்குக் கெட்டிக்கார வியாபாரம்தான் நினைவுக்கு வரும். பெயர் தெரியாத பையன்களைச் சல்லிசாக வாங்கி வளர்த்து, காய்செடோவை செல்சிக்கும் மாக் அலிஸ்டரை லிவர்பூலுக்கும் விற்ற கிளப். ஆனால் அந்த ஊரில் ஐம்பதைத் தாண்டிய ரசிகர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், அது சுற்றிவளைத்து 1997இல் போய் நிற்கும். அந்த வருஷம் கிளப்பின் சொந்த மைதானம் பறிபோனது. கிளப்பே இல்லாமல் போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் ரசிகர்கள் தங்கள் முதலாளிகளோடு மல்லுக்கு நின்றார்கள். அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

சண்டை எதைப் பற்றி?

நிலத்தைப் பற்றி. மற்றதெல்லாம் அப்புறம்.

பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன் 1901இல் தொடங்கிய கிளப். 1902 முதல் ஹோவ் பகுதியில் உள்ள கோல்ட்ஸ்டோன் கிரவுண்டில் ஆடிவந்தது. 1995 கோடையில் அந்த மைதானத்தை சார்ட்வெல் என்ற நிலக் கம்பெனிக்கு சுமார் 74 லட்சம் பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள் என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகையான ஆர்கஸில் வந்தது. மைதானத்தை விற்பதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனையோ கிளப்புகள் ஊர் நடுவில் இருந்த பழைய இடத்தை விற்று, வெளியே புதிதாகக் கட்டிக்கொண்டு போயிருக்கின்றன. இங்கே பிரச்சினை, புதிது எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பூர்வீக வீட்டை விற்றாயிற்று, சாமான் ஏற்ற வண்டியும் வாசலில் வந்து நிற்கிறது, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது என்கிற நிலைமை. பக்கத்து ஊரான போர்ட்ஸ்மத் கிளப்பின் மைதானத்தை வாடகைக்குப் பகிர்ந்துகொள்ளலாம் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. விற்ற அதே நிலமோ கொஞ்ச காலத்திலேயே அதைவிடப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்த முதலாளிகள் யார்?

தலைவர் பில் ஆர்ச்சர். வீடு பழுதுபார்க்கும் சாமான்களை விற்கும் ஃபோகஸ் கடைகளை நடத்திய தொழிலதிபர். இருந்ததோ இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பக்கம். பிரைட்டன் இருப்பது தென்கரையில். 1993இல் கிளப்பின் கட்டுப்பாடு அவர் கைக்கு வந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை 56 பவுண்டு 25 பென்ஸ். அச்சுப் பிழை இல்லை, ஐம்பத்தாறு பவுண்டுதான். கிளப் கடனில் மூழ்கியிருந்ததால் பங்குகளுக்கு முகமதிப்பு மட்டுமே. இந்த ஒரு எண்ணை அந்த ஊர் ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தவர் டேவிட் பெல்லொட்டி. லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர், பக்கத்து ஈஸ்ட்போர்ன் தொகுதியின் முன்னாள் எம்.பி. ஆர்ச்சர் ஊரில் இல்லாததால் மைதானத்தில் திட்டு வாங்கியதெல்லாம் பெல்லொட்டிதான். 2015இல் அவர் காலமானார்.

கிளப் கடனில் இருந்தது உண்மைதானே? விற்காமல் வேறு என்ன செய்திருக்க முடியும்?

நியாயமான கேள்வி. கடன் இருந்தது உண்மைதான், அது ஆர்ச்சர் வந்து உண்டாக்கியதும் இல்லை. 1983இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 2-2 என்று முடித்து, மறுஆட்டத்தில் 4-0 என்று தோற்ற அணி அது. அதே சீசனில், அன்றைய உச்சப் படியான முதல் டிவிஷனிலிருந்தும் இறங்கியது. அதற்கப்புறம் வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. 1991இல் மேலே திரும்ப ஒரு வாய்ப்பு வந்து, வெம்பிளியில் நாட்ஸ் கவுன்டியிடம் தோற்றது. அடுத்த வருஷமே இன்னொரு படி கீழே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வரிபாக்கிக்காகக் கோர்ட்டுப் படியேறுவது வாடிக்கையாகிவிட்டது.

ஆகவே, ‘நாங்கள் வரவில்லையென்றால் கிளப் அன்றைக்கே செத்திருக்கும்’ என்று நிர்வாகம் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கடனை அடைக்க நிலத்தை விற்பது வேறு. மாற்று இடம் கையில் இல்லாமல் விற்பது வேறு. முதலாவது வியாபாரக் கஷ்டம், இரண்டாவதற்கு என்ன காரணம் சொன்னாலும் ஒட்டாது. அதற்குமேல் அந்த ஷரத்து விவகாரம் வேறு வந்து சேர்ந்தது.

எந்த ஷரத்து?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதில் ஒரு பந்துகூட உதைபடவில்லை.

கிளப்பின் பழைய விதிமுறைகளில் ஒரு பிரிவு இருந்தது: கிளப் கலைக்கப்பட்டால், கடன் போக மிஞ்சும் சொத்து பங்குதாரர்களின் பைக்குப் போகக் கூடாது, வேறொரு விளையாட்டு அமைப்புக்கோ தர்ம காரியத்துக்கோ போக வேண்டும். இங்கிலாந்தின் பழைய கிளப்புகள் பலவற்றில் இப்படி ஒரு பூட்டு இருந்தது. மைதானம் ஊரின் சொத்து, அதை வைத்து எவரும் லாபம் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆர்ச்சர் வந்தபின் கிளப்பின் விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. அந்தப் புது நகலில் இந்தப் பிரிவைக் காணவில்லை.

இதைக் கண்டுபிடித்தது போலீசும் இல்லை, கால்பந்து சங்கமும் இல்லை. கணக்கு வழக்கு தெரிந்த ரசிகர்களும் உள்ளூர்ப் பத்திரிகையும்தான். கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடிய காகிதங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசித்திருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்து கூச்சல் கிளம்பியதும், ‘கவனக்குறைவு’ என்று சொல்லி அந்தப் பிரிவைத் திரும்பச் சேர்த்தார்கள். நூறு ஏக்கர் வழக்கில் ஒரே ஒரு பட்டா எண் விட்டுப்போவது எப்படிப்பட்ட கவனக்குறைவு என்று நம்மூர் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதுவரை, ‘அணி சரியாக ஆடவில்லை, ரசிகர்கள் கத்துகிறார்கள்’ என்று நினைத்த பொதுஜனமும் இதற்கப்புறம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

யார்க் மேட்சில் என்ன நடந்தது?

1996 ஏப்ரல் 27, யார்க் சிட்டிக்கு எதிரான ஆட்டம். கோல்ட்ஸ்டோனில் அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். விற்ற இடத்திலேயே குத்தகைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் குத்தகை முடியப்போகிறது, மறுவருஷம் எங்கே என்று தெரியாது. ஆட்டம் தொடங்கிப் பதினாறு நிமிஷம் ஆனபோது ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக மைதானத்துக்குள் இறங்கினார்கள். இரண்டு அணி வீரர்களும் உள்ளே ஓடிவிட்டார்கள். ரசிகர்கள் கோல் கம்பங்களில் ஏறித் தொங்கி அவற்றை முறித்துப் போட்டார்கள். கம்பம் முறிந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் தேசியச் செய்தி. அந்தக் கணக்கு சரியாகத்தான் வேலை செய்தது. முறிந்து கிடந்த கம்பங்களின் படம் நாடு முழுக்கப் போனது.

சில நாட்களிலேயே, இன்னும் ஒரு வருஷம் அதே மைதானத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் ஆனது. வாடகை 4,80,000 பவுண்டு. போன வருஷம் வரை தங்களுடையதாக இருந்த இடத்துக்கு! பாதியில் நின்ற ஆட்டத்தை மே 9ஆம் தேதி, வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வைத்தார்கள். யார்க் 3-1 என்று ஜெயித்தது. அந்த சீசனில் பிரைட்டன் நான்காம் படிக்கு இறங்கியது.

மைதானத்துக்குள் புகுந்தது சரியா?

இதில் அந்த ஊர் ரசிகர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து கிடையாது. யார்க் மேட்ச் இல்லையென்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். அதே 1996 அக்டோபர் 1 அன்று லிங்கன் சிட்டி ஆட்டத்தில் மறுபடி உள்ளே இறங்கினார்கள்; அதற்காக அணிக்கு இரண்டு புள்ளி வெட்டு விழுந்தது, மேல்முறையீடும் எடுபடவில்லை. அந்த சீசன் எப்படி முடிந்தது என்று பார்த்தால் (கீழே வருகிறது) அந்த இரண்டு புள்ளி கிளப்பையே கொன்றிருக்கும் என்று தெரியும்.

என்னைக் கேட்டால், முதல் முறை வேலை செய்தது, இரண்டாம் முறை சொந்தக் காலில் போட்ட வெட்டு. முதலாளியைத் தண்டிக்கப் போய் அணியைத் தண்டித்தாயிற்று. கால்பந்துச் சட்டத்தின் கோணல் அது: மைதானத்தை விற்றவருக்குப் புள்ளி வெட்டு கிடையாது, அதை எதிர்த்துப் புல்லில் கால் வைத்தால் உண்டு.

இந்த இரண்டைத் தவிர வேறு என்ன செய்தார்கள்?

நிறைய. ஊர்வலம், மனு, ஆட்டத்தைப் புறக்கணிப்பது, பெல்லொட்டி உட்காரும் இடத்தைப் பார்த்து ஒருமித்துக் கோஷம் போடுவது எல்லாம் நடந்தது. வண்டி பிடித்து ஆர்ச்சர் இருந்த லங்காஷயர் கிராமத்துக்கே போனார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து இதுதான் வென்றது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கத்துகிற கூட்டம், இன்னொரு பக்கம் கோட்டு போட்டுக்கொண்டு கால்பந்து சங்கத்தில் பேசப்போகிற கூட்டம், இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்று இல்லாமல் மற்றதை யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

‘ஃபேன்ஸ் யுனைடெட்’ என்கிறார்களே, அது என்ன?

1997 பிப்ரவரி 8. பிரைட்டன் கடைசி இடத்தில் கிடக்கிறது. அந்த சீசனின் ஒரு கட்டத்தில் தனக்கு நேர் மேலே இருந்த அணியைவிடப் பத்துப் புள்ளிக்கும் மேல் பின்தங்கியிருந்தது. அந்த டிவிஷனில் கடைசி இடம் என்றால் தொழில்முறை லீக்கை விட்டே வெளியே. மைதானமும் இல்லை, லீக்கும் இல்லை என்றால் கிளப்பை மூடிவிட வேண்டியதுதான்.

அப்போது பிளிமத் ரசிகரான ஒரு பையன் இணையத்தில் ஒரு யோசனை எழுதினான்: எல்லாக் கிளப் ரசிகர்களும் ஒரு நாள் தங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரைட்டனுக்குப் போனால் என்ன? 1997இல் இணையம் என்பது டெலிபோன் வயரில் கீச்கீச்சென்று கத்தி இணைகிற சமாச்சாரம். சமூக வலைத்தளம், வாட்ஸ்அப் குரூப் எதுவும் பிறக்காத காலம். ஆனாலும் செய்தி பரவியது. ஹார்ட்டில்பூலுக்கு எதிரான அந்த ஆட்டத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நான்காம் படியில் தத்தளித்த, பாதிக் கூட்டத்தை இழந்திருந்த கிளப்புக்கு அது திருவிழாக் கூட்டம்.

வந்தவர்கள் யார் என்பதுதான் விசேஷம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும், ஐரோப்பாவிலிருந்தும்கூட வந்தார்கள். பிரைட்டனின் நீல வெள்ளைக்கு நடுவில் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கலந்துகட்டிய சட்டைகள். வேலிகளில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட கழுத்துத் துண்டுகள். பிரைட்டனின் பரம எதிரியான கிரிஸ்டல் பேலஸின் சட்டைகளும் அங்கே இருந்தன. பிரைட்டனுக்கு ‘சீகல்ஸ்’ என்ற பட்டப்பெயரே, ‘ஈகிள்ஸ்’ என்று கத்திய பேலஸ்காரர்களுக்குப் பதிலடியாக எழுபதுகளில் வந்ததுதான். அப்படிப்பட்டவர்கள் வந்து நின்றார்கள் என்றால், இன்றைக்கு இவனுக்கு நடந்தது நாளைக்கு நமக்கு நடக்கும் என்ற பயம் எந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும்!

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. அதே டிவிஷனில் இருந்த டான்காஸ்டர் ரோவர்ஸில், 1995இல் மைதானத்தின் பிரதான ஸ்டாண்டுக்குத் தீவைக்கச் சதி செய்ததற்காக அந்தக் கிளப்பைக் கையில் வைத்திருந்த கென் ரிச்சர்ட்சன் 1999இல் நான்கு வருஷ சிறைத் தண்டனை பெற்றார். ஆர்ச்சர் தேவலாம் என்று தோன்றுகிறதா? பிரைட்டன் ரசிகர்களிடம் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

ஆட்டம்? பிரைட்டன் 5-0.

கோல்ட்ஸ்டோனின் கடைசி நாள்?

1997 ஏப்ரல் 26. எதிரணி அதே டான்காஸ்டர். ஸ்டூவர்ட் ஸ்டோரர் அடித்த ஒரே கோலில் 1-0. அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு பிரைட்டன் கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்தது. ஹெரிஃபோர்ட் என்ற அணி கடைசிக்குப் போனது. விசில் அடித்ததும் மறுபடி எல்லோரும் உள்ளே இறங்கினார்கள். இந்த முறை கோபத்தில் இல்லை, ஞாபகார்த்தம் எடுக்க. புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்தார்கள், நாற்காலிகளைக் கழற்றினார்கள், பெயர்ப்பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் கிளப்பைக் காப்பாற்றியது போராட்டமா, ஒரு கோலா?

இரண்டும்தான், ஆனால் கோல் கதையைக் கேளுங்கள்.

1997 மே 3, சீசனின் கடைசி ஆட்டம், ஹெரிஃபோர்டின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானம். இரண்டு அணிக்கும் 46 புள்ளி. யாராவது ஒருவர் லீக்கை விட்டு வெளியேற வேண்டும். டிரா என்றால் பிரைட்டன் தப்பும். ஏனென்றால் அன்றைய லீக் விதியில், புள்ளி சமமானால் மொத்தம் எத்தனை கோல் அடித்தாய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கோல் வித்தியாசத்தை இல்லை. கோல் வித்தியாசத்தில் ஹெரிஃபோர்ட்தான் முன்னே.

முதல் பாதியில் பிரைட்டனின் இளம் வீரர் கெரி மேயோ தன் வலையிலேயே பந்தைத் தள்ளிவிட்டார். 1-0. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ராபி ரைனெல்ட், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பாய்ந்து உள்ளே அடித்தார். 1-1. இரண்டு அணிக்கும் 47 புள்ளி. பிரைட்டன் அடித்த கோல் 53, ஹெரிஃபோர்ட் 50. அந்த இரண்டு புள்ளி வெட்டு இல்லாதிருந்தால் இவ்வளவு நெஞ்சு படபடப்பே தேவைப்பட்டிருக்காது.

அதே வாரங்களில்தான் நிர்வாகப் பேச்சுவார்த்தையும் முடிந்தது. கால்பந்து சங்கம் ஒரு சமரச அமைப்பை நடுவில் வைத்து, ஆர்ச்சர் தரப்பையும் விளம்பரத் துறைக்காரரும் பழைய ரசிகருமான டிக் நைட் தலைமையிலான குழுவையும் மாதக்கணக்கில் பேசவைத்திருந்தது. நைட் தலைவரானார், பெல்லொட்டி போனார். ஆர்ச்சர் உடனே முழுசாகப் போய்விடவில்லை. பங்குகளில் ஒரு பகுதி கொஞ்ச காலம் அவரிடமும் இருந்தது. நாம் நினைக்கிற மாதிரி வில்லனை ஊரைவிட்டுத் துரத்துகிற முடிவு இல்லை, பேரம் பேசி வந்த முடிவுதான்.

போராட்டம் இல்லையென்றால் அந்தப் பேச்சுவார்த்தை நடந்திருக்காது. ரைனெல்டின் கோல் இல்லையென்றால் பேச்சுவார்த்தையில் வாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஹெரிஃபோர்ட் என்ன ஆனது?

பிரைட்டன்காரர்கள் இந்தக் கேள்வியை அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. எந்தத் தப்பும் செய்யாமல் லீக்கை விட்டு வெளியேறியது அந்த அணி. பிறகு ஒரு முறை திரும்பி வந்து, மறுபடி இறங்கி, 2014இல் தன் சொந்த முதலாளிகளோடு சண்டை. ரசிகர்கள் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அந்த டிசம்பரில் நீதிமன்றம் கிளப்பைக் கலைக்க உத்தரவிட்டது. அடுத்த வருஷம் ரசிகர்கள் அறக்கட்டளையின் முயற்சியோடு ஹெரிஃபோர்ட் எஃப்.சி. என்ற புதுக் கிளப் அதே எட்கர் ஸ்ட்ரீட்டில் தொடங்கியது.

மைதானம் போனபின் பிரைட்டன் எங்கே ஆடியது?

முதல் இரண்டு வருஷம் கில்லிங்ஹமில். கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர் தள்ளி. அதாவது ‘வீட்டு மைதான’ ஆட்டத்துக்குப் போய்வர 220 கிலோமீட்டர். இரண்டாயிரம் சொச்சம் பேர் அப்படியும் போனார்கள்.

1999இல் ஊருக்குத் திரும்பினார்கள். கிடைத்தது விட்டீன் என்ற தடகள மைதானம். ஆட்டத்துக்கும் ரசிகருக்கும் நடுவில் ஓட்டப்பாதை, தலைக்குமேல் கூரையில்லாத தற்காலிக இரும்பு ஸ்டாண்டு, சுற்றிலும் மரங்கள், கடல்காற்றோடு மழை. மூன்றோ நான்கோ வருஷம் என்று போனவர்கள் 2011 வரை அங்கேயே இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தகரக் கொட்டகைக் காலத்தில்தான் பாபி ஜமோரா கோல் மேல் கோல் அடித்து, 2001இலும் 2002இலும் அடுத்தடுத்து இரண்டு டிவிஷன் பட்டம் வந்தது.

புது மைதானத்துக்கு ஏன் அத்தனை வருஷம்?

அனுமதி. ஃபால்மர் என்ற இடம், சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். 1999இல் நடந்த உள்ளூர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். பக்கத்து லூயிஸ் மாவட்ட மன்றம் மட்டும் விடாப்பிடியாக எதிர்த்தது.

முதலாளியை எதிர்த்துப் பழகிய அதே கூட்டம் இப்போது கிளப்போடு சேர்ந்து அரசாங்கத்தைத் துரத்தியது, அதுவும் ரொம்பவே குசும்பாக. முடிவெடுக்க வேண்டிய துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டுக்குக் காதலர் தினத்தன்று பூ அனுப்பினார்கள். அன்றைய ஆளுங்கட்சியான தொழிற்கட்சியின் மாநாடு பிரைட்டனில் நடந்தபோது ஊர்வலம் போனார்கள். ரசிகர்கள் சேர்ந்து பாடி வெளியிட்ட இசைத்தட்டு 2005 ஜனவரியில் பிரிட்டன் தரவரிசையில் 17ஆம் இடம் பிடித்தது. ‘சீகல்ஸ் கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கி லூயிஸ் பக்கம் தேர்தலிலேயே நின்றார்கள்.

2005 அக்டோபரில் பிரெஸ்காட் அனுமதி கொடுத்தார். லூயிஸ் நீதிமன்றம் போனது, அனுமதிக் கடிதத்தில் ஒரு தவறு இருந்ததால் அது ரத்தானது. 2007 ஜூலையில் அப்போதைய உள்ளாட்சித் துறை அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் மறுபடி கொடுத்தார். 2011இல் ஃபால்மரில் அமெக்ஸ் மைதானம் திறந்தது. ஆகஸ்ட் 6 அன்று அங்கே முதல் லீக் ஆட்டம், எதிரணி யார் தெரியுமா? டான்காஸ்டர். 2-1 என்று ஜெயித்தார்கள். 2017இல் பிரீமியர் லீக்.

இப்போதைய முதலாளி டோனி புளூம் நல்லவர்தானே? பிறகு ஏன் பழசைக் கிளறுகிறார்கள்?

நல்லவர்தான். உள்ளூர்க்காரர், அவருடைய தாத்தா ஹாரி புளூம் கிளப்பின் துணைத்தலைவராக இருந்தவர். 2009இல் பொறுப்பேற்று, மைதானத்தைக் கட்டியதில் பெரும்பணம் அவருடையது.

ஆனால் இதுவும் ஒரே ஆளின் கையில் இருக்கிற கிளப்தானே. 1997இல் போராடியவர்கள் கிளப்பை ரசிகர்களின் சொத்தாக மாற்றவில்லை. கெட்ட முதலாளி போய் நல்ல முதலாளி வந்தார், அவ்வளவுதான். புளூமுக்கு அப்புறம் யார் என்ற கேள்வியைப் பழைய ஆட்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். புலம்புகிறார்கள் என்று இளசுகள் நினைத்தால் அது அவர்கள் பாடு.

மற்ற கிளப்புகளில் நடந்த போராட்டங்களோடு ஒப்பிட்டால்?

நம் ஆட்களுக்கு அதிகம் தெரிந்தது மான்செஸ்டர் யுனைடெட். கிளேசர் குடும்பம் 2005இல் கடன் வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டி, சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அந்தக் கோபத்தில் ஒரு பகுதி ரசிகர்கள் பிரிந்துபோய் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனிக் கிளப்பே தொடங்கினார்கள். 2010இல், கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்து நிறங்களான பச்சையும் பொன்னிறமும் ரசிகர்களின் கழுத்துத் துண்டுகளில் ஏறின. 2021 மே 2 அன்று மைதானத்துக்குள் புகுந்ததில் லிவர்பூல் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கிளேசர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜிம் ராட்கிளிஃப் கால் பங்கு வாங்கி உள்ளே வந்திருக்கிறார். பணம் கொட்டுகிற கிளப்பில் எதிர்ப்புக்கு அவ்வளவுதான் பலன். நீங்கள் போகாத சீட்டில் உட்கார இன்னொருவர் காத்திருக்கிறார்.

பிளாக்பூலில் கதை வேறு. ஒரு பைசா தரமாட்டோம் என்று வருஷக்கணக்கில் ஆட்டத்துக்கே போகாமல் நின்றார்கள். முதலாளிகளான ஓய்ஸ்டன் குடும்பம் கிளப்பின் பணத்தை முறையில்லாமல் உருவியதாக 2017இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, சக பங்குதாரருக்கு 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2019 மார்ச் 9, ரசிகர்கள் மைதானத்துக்குத் திரும்பிய நாள், பிரைட்டனின் ஃபேன்ஸ் யுனைடெட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இந்தியத் தொடர்பு உள்ளது பிளாக்பர்ன். 1995இல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணி. புனேயின் வெங்கீஸ் கோழிப் பண்ணைக் குடும்பம் 2010 நவம்பரில் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஒரே மாதத்தில் மேனேஜர் சாம் அலர்டைஸ் நீக்கம். 2012 மே மாதம், கீழே இறங்கிய ஆட்டத்தில், யாரோ கிளப் கொடி சுற்றிய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்தில் விட்டார்கள். இங்கே புகார் சுரண்டல் இல்லை. பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். விளையாட்டும் தெரியாது, ஊர்ப்பக்கமும் வருவதில்லை என்பதுதான் ரசிகர்களின் குறை. பிற்காலத்தில் இந்தியாவில் நடந்த விசாரணை காரணமாக, இங்கிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கு ஒரு முதலாளி கோல்ட்ஸ்டோன் மாதிரி விற்க முடியுமா?

முன்புபோல் சத்தமில்லாமல் முடியாது. 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்று தங்களுக்கென ஒரு தனிப் போட்டி நடத்தக் கிளம்பி இரண்டே நாளில் சுருண்ட பிறகு, முன்னாள் விளையாட்டு அமைச்சர் ட்ரேசி கிரவுச் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனிக் கண்காணிப்பு ஆணையம் வந்திருக்கிறது. சொந்த மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அதன் ஒப்புதல் வேண்டும். சின்னத்தையோ நிறத்தையோ மாற்றுவதென்றால் ரசிகர்களைக் கேட்க வேண்டும். எவ்வளவு தூரம் கடிக்கும் என்பது முதல் பெரிய சண்டை வரும்போதுதான் தெரியும்.

கோல்ட்ஸ்டோன் இருந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. ஹோவ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம், ஹோவ் பார்க்குக்கு எதிரே. கார் நிறுத்துமிடத்தோடு கடைத்தொகுதி ஒன்று இருக்கும். மைதானம் இருந்ததாக அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெக்ஸுக்கு பிரைட்டனிலிருந்து லூயிஸ் போகும் ரயிலில் ஏறி ஃபால்மரில் இறங்கினால் போதும், மைதானம் எதிரிலேயே. கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்துக்கு மட்டும் டிக்கெட் சுலபத்தில் கிடைக்காது.